மலை தெரியாத படம்

விடிந்து வெயில் ஏறிய பிறகும் கொளஞ்சியப்பன் மோட்டாரை நிறுத்தவில்லை.

நந்தவனத்து மோட்டார் ஓடினால் கொன்றைப்பட்டு முழுக்கக் கேட்கும். கேட்கத்தான் ஓடுகிறது. குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் வாய்க்காலில் நடந்து, பாத்தி பாத்தியாகப் பிரிந்து, காய்ந்த குச்சிகளின் காலடியில் சற்று நின்று, பிறகு மண்ணுக்குள் போய் மறைந்தது. அதைக் குடிக்க அங்கே ஓர் உயிரும் இல்லை.

மதில் ஆள் உயரத்துக்கு மேல். கதவில் பூட்டு. மதிலை ஒட்டி நின்ற தென்னைகள் மட்டும் பச்சையாக இருந்தன. தெருவில் போகிறவர்களுக்கு அவைதான் தெரியும்.

கார்த்திகை வெள்ளத்தில் தென்பெண்ணை ஊருக்குள் வந்ததும், நந்தவனத்தில் தண்ணீர் நின்றதும் ஊரறிந்த விஷயம். ஆனால் தை பிறந்ததும் கொளஞ்சியப்பன் கோயில் வேப்பமரத்தடியில் நிமிர்ந்து நின்று, "வேர் புடிச்சிடுச்சு. பழையபடி தழைஞ்சுக்கினு வருது" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் ஊருக்கு அது போதும். அன்று முதல் வெள்ளிதோறும், திருக்கோவிலூர் கடைத்தெருவில் வாங்கிய பூ நந்தவனத்துப் பின்கதவு வழியாக உள்ளே போய், முன்கதவு வழியாகக் கூடையில் வெளியே வந்து, மாரியம்மன் காலடியைச் சேர்ந்துகொண்டிருந்தது.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பூவில் நூல் இருந்தது.

நந்தவனத்துப் பூவை வாழை நாரில்தான் தொடுப்பார்கள். நூல் என்றால் கடைப் பூ. பூசாரி அந்த வெள்ளை நூலை விரலில் சுற்றிக்கொண்டு பேசாமல் நின்றார். பேசியவன் பாவாடை. கொளஞ்சியப்பனின் சித்தப்பா மகன். பாகம் பிரித்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத பங்காளி.

"அண்ணே, பறிப்புக்கு முன்னால வெளியாளு கால் உள்ள படக்கூடாது. அது மொற. நான் மீறல. ஆனா கண்ணு படலாம் இல்ல? உன் மருமவதான் மாசா மாசம் தோட்டத்த போட்டோ புடிக்குதாமே. அடுத்த வெள்ளி சாயங்காலம் கொண்டாந்து காட்டு."

"காட்டுறேன்" என்று சொல்லிவிட்டார். நாக்கு முந்திக்கொண்டது. நாக்கைச் சொல்லி என்ன பயன்? அந்த வீட்டில் பிறந்தவன் நாலு பேர் முன்னால் "முடியாது" என்று சொல்லிப் பழகியதில்லை.

ஊர் வழக்கம் இதுதான். ஆடித் திருவிழாவில் அம்மன் அணியும் முதல் மாலை, அந்தப் பூ எந்த மண்ணில் பூத்ததோ அந்த மண்ணுக்குரியவர் கழுத்துக்கு இறங்கி வரும். தேர் அவர் வாசலில் நின்றுதான் நகரும். கொளஞ்சியப்பனின் பாட்டனார் காலத்திலிருந்து அந்த மாலை இந்த வீட்டைத் தாண்டிப் போனதில்லை. நந்தவனம் பட்டுப்போனால், மாலை அடுத்த பங்காளிக்கு.

அடுத்த பங்காளி பாவாடை.

அந்த வெள்ளிக்கிழமை இன்று. ஞாயிறு விடியலில் பூப் பறிப்பு.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துல வரீங்க."

மோட்டார் கொட்டகைப் படியில் மருமகள் தேவிப்ரியா செல்போனை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாண வீடுகளுக்குக் கேமராவோடு போகிறவள். மகன் கவியரசன் உளுந்தூர்பேட்டையில் லாரி பட்டறை வைத்திருக்கிறான். "அவ சம்பாதிக்கத்தான் போறான்னு நெனைக்காதப்பா, அவளுக்கு அது உயிருப்பா" என்று மன்றாடி அனுமதி வாங்கிக் கொடுத்தது அவன்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது. போன ஆடியில் கை சும்மா இருக்க முடியாமல் அவள் நந்தவனத்தைப் படம் பிடிக்கத் தொடங்கினாள். கேமராப் பைக்குத் தோல் வார். அம்மன் தோட்டத்துக்குள் தோல் வரக்கூடாது என்று கொளஞ்சியப்பன் தடுத்தார். அதனால் செல்போன். மாதத்தின் முதல் வெள்ளி, அதே படி, அதே உயரம்.

"இன்னாத்துக்கு இத இப்ப புடிக்கற?"

"ஆடி வந்துடுச்சு மாமா. இதோட ஒரு வருஷம் முடிஞ்சுது."

"செத்ததப் போய்ப் புடிக்கறியே."

அவள் ஒரு படம் எடுத்துக்கொண்டு படியிலிருந்து இறங்கினாள்.

பின்கதவில் அவர் மனைவி கண்ணகி காபித் தூக்கோடு வந்து நின்றாள். "இன்னாங்க, சாயங்காலம் ஊரு கூடுது. இன்னா பண்ணப் போறீங்க?"

"மலைக்கு, கரியாலூருக்குப் போறோம். நானும் மருமவளும். அங்க யாரோ தெரிஞ்ச பொம்பள தோட்டம் போட்டிருக்குதாம்."

"பூவுக்கா, படத்துக்கா?"

"ரெண்டுக்கும்."

கண்ணகி தூக்கை வாய்க்கால் கரையில் வைத்தாள். "அம்மனுக்குத் தெரியாதா?"

"அம்மனுக்குத் தெரிஞ்சா பரவாயில்ல. பாவாடைக்குத் தெரியக்கூடாது."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. திரும்பப் பிடிக்க முடியாது. தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, "நாங்க வர்ற வரைக்கும் மோட்டார நிறுத்தாத. கரண்டு போய் வந்தா திரும்பப் போடு. சாயங்காலமும் ஓடணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

குடும்ப மானம் என்பது வேட்டி மாதிரி. கிழிந்த பக்கத்தை உள்மடிப்பில் விட்டுக் கட்டிக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும். கொளஞ்சியப்பன் அப்படித்தான் நடந்தார்.

*

காரை தேவிப்ரியா ஓட்டினாள். கொளஞ்சியப்பன் பின் இருக்கையில் உட்கார்ந்தார். மருமகள் ஓட்டுகிற வண்டியில் மாமனார் முன்னால் உட்காருவது அவருக்கு முறையாகப் படவில்லை.

கள்ளக்குறிச்சியைத் தாண்டி, கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணை வலப்பக்கம் ஒதுங்கி, மலை கண்ணுக்கு நேராக எழுந்து நின்றபோது அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"மாமா, நான் ஒன்னு சொல்லட்டுமா?"

"சொல்லாம வுடவா போற?"

"எல்லாப் படத்தையும் காட்டிடலாம். ஆடிலேர்ந்து ஆடி வரைக்கும். பாக்கறவங்களே புரிஞ்சுக்குவாங்க. வெள்ளம் அடிச்சதுக்கு உங்கள யாரு இன்னா பேசப் போறாங்க?"

"வெள்ளம் அடிக்கல. தண்ணி நின்னுது."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியும்.

வெள்ளம் வந்த வேகத்தில் வடிந்துவிட்டது. நந்தவனத்துக்குள் புகுந்தது மட்டும் போக வழியில்லாமல் நின்றது. மேற்கு மூலையில் மதிலை உடைத்து, அடுத்த நிலத்தின் வழியாக ஒரு கால்வாய் வெட்டியிருந்தால் ஒரே பகலில் ஆற்றுக்குப் போயிருக்கும். அடுத்த நிலம் பாவாடையின் கரும்பு. கால்வாய்க்கு நாலு வரிசைக் கரும்பு போகும். ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்பதற்கு அவன் வாசலில் போய் நிற்க வேண்டும்.

கொளஞ்சியப்பன் போகவில்லை. வாளி கொண்டு இறைத்தார். ஆயில் இன்ஜின் வைத்து மதிலுக்கு மேலே குழாய் போட்டார். இறைத்த தண்ணீர் தெருவை நிரப்பிவிட்டு மதிலுக்கு அடியிலேயே திரும்ப ஊறி வந்தது. மல்லிகையின் வேர் முதலில் அழுகியது. பிறகு கனகாம்பரம். அரளி கடைசி வரை முரண்டு பிடித்தது.

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். இனி எழுந்திருக்க முடியாது என்பது படுத்த யானைக்கு மட்டும்தான் தெரியும்.

*

கரியாலூரில் மேகம் வீட்டுக் கூரைகள் வரை இறங்கியிருந்தது. அருவிக்குப் போகிற இளவட்டங்கள் ரோட்டோரம் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். தேவிப்ரியா காரை ஒரு ஓட்டு வீட்டின் பக்கத்தில் நிறுத்தினாள்.

உபகாரமேரி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். கணவர் வியாகுலம் மாதா கோயிலில் மணியடித்துக்கொண்டிருந்தவர். இறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மகள் ஜூலியாவின் கல்யாணத்துக்குப் படம் பிடித்த வகையில் தேவிப்ரியாவுக்குப் பழக்கம்.

"வா பாப்பா. ஆல்பத்துல பாதிப் படத்துல என் கண்ணு மூடியிருக்குது. அத தொறந்து வுடத்தான் வந்தியா?"

"நீங்க போட்டோன்னா சாமி கும்புடற மாதிரி கண்ண மூடிக்கிறீங்க. நான் இன்னா பண்றது?" தேவிப்ரியா சிரித்தாள். "இவரு என் மாமனாரு."

"வாங்கய்யா. மழ வர்றதுக்குள்ள உள்ள வாங்க."

கொளஞ்சியப்பன் இறங்கினார். யாரிடமும் எதையும் கேட்டு அவர் இன்னொருவர் வாசலில் நின்றதில்லை. பேச்சை மருமகளிடம் விட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

போனவர் நின்றுவிட்டார்.

சரிவு முழுக்கப் பூ. படிப்படியாக வெட்டிய பாத்திகளில் கோழிக்கொண்டை அடர் சிவப்பாக நிமிர்ந்து நின்றது. அதன் கீழே சாமந்தி, மஞ்சளும் வெள்ளையுமாக. சம்பங்கித் தண்டுகள் ஈரத்தில் லேசாகச் சாய்ந்திருந்தன. அரளி வேலி ஓரம் தீப்பிடித்த மாதிரி. மேகம் ஒரு பாத்தியை மூடிக்கொண்டு போகும். போன பிறகு அந்த நிறம் முன்னைவிடக் கூடுதலாகத் தெரியும். ஒவ்வோர் இதழிலும் தண்ணீர். ஒரு செடியின் அடியிலும் தண்ணீர் தேங்கி நிற்கவில்லை. மலை தன் தண்ணீரைத் தானே கீழே அனுப்பிவிடுகிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அழகு இப்படி வலிக்கும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

பின்னால் இரண்டு பெண்களும் வந்தார்கள்.

"மாரியம்மனுக்கா? தாராளமா எடுத்துக்கினு போங்க. எங்க மாதா ஒன்னும் கோச்சுக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழமைக்குன்னா நாளைக்கிப் பறிச்சாதான் வாடாம இருக்கும். ஈரத் துணியில சுத்தி மத்தியான பஸ்ஸுல குடுத்தனுப்பறேன்."

"வாழ நாருலதான் கட்டணும்." கொளஞ்சியப்பன் திரும்பாமலே சொன்னார். அவர் அங்கே பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நாருலதான்யா கட்டுவோம். இந்த மலையில நூலுக்கு எங்க போறது?"

உபகாரமேரி அவரைக் கீழ்ப் பாத்திக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு வரிசை முழுக்க முள்ளும் குச்சியுமாகக் கறுத்து நின்றது.

"இது பன்னீர் ரோசாங்க. எங்க வூட்டுக்காரரு வச்சது. அவரு கண்ண மூடின மாசமே இதுவும் பூரா செத்துப்போச்சு. புடுங்க மனசு வரல. வர்றவங்க எல்லாரையும் கூட்டியாந்து இததான் மொதல்ல காட்டுவேன். இவ்ளோ பூ இருக்குது, ஏம்மா இதக் காட்டறன்னு ஜூலியா திட்டும்."

"ஏன் காட்டற?" கேட்டுவிட்டார்.

"வேற எப்பிடிங்க? இருந்துச்சுன்னு யாருக்காவது தெரியணும் இல்ல?"

கொளஞ்சியப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். செத்த செடியை வழிப்போக்கருக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிற பெண்பிள்ளையை அவர் இன்றுதான் பார்க்கிறார். அவள் தலை குனியவும் இல்லை.

மழைக்கு முன் காபி போடுவதற்கென்று உபகாரமேரி உள்ளே போனதும் அவர் மருமகளைப் பார்த்தார். "எடு."

"மாமா..."

"எடுன்னு சொல்றேன் இல்ல?"

"பூ வாங்கிக்கலாம் மாமா. பூ எங்க பூத்தாலும் பூதான். ஆனா இத எடுத்து நம்ம தோட்டம்னு காட்ட... நான் பொய்ப்படம் எடுத்ததில்ல."

"கல்யாணத்துல கறுப்புப் பொண்ண செவப்பாக்கிக் குடுக்கறியே, அது இன்னா அரிச்சந்திரன் வேலயா?"

அவள் முகம் சுருங்கியது. "அதுல பொண்ணு அந்தப் பொண்ணுதான் மாமா."

மூத்தவன் சொல்ல ஒன்றுமில்லாதபோது குரலை உயர்த்துவான். அதற்கும் இன்று அவரிடம் தெம்பு இல்லை. "தேவி" என்றார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து 'மருமவளே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "தேர் பாவாடை வாசல்ல நிக்கறத நான் பாக்கக் கூடாதும்மா."

அவள் செல்போனை எடுத்தாள்.

"மல தெரியக் கூடாது" என்றார்.

"தெரியாது."

"அந்த டேலியாவத் தள்ளு. நம்ம ஊருல அது ஏது?"

"தள்ளிட்டேன்."

வழக்கமாக நின்றுகொண்டு எடுப்பவள், ஈர மண்ணில் மண்டியிட்டாள். மலையும் மேகமும் வீடும் விழாதபடி, கோழிக்கொண்டையும் சாமந்தியும் அரளியும் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நிரம்பும்படி, ஒரே ஒரு படம் எடுத்தாள். எழுந்தபோது முழங்காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிடவில்லை.

"இதுதான் கடைசி மாமா. இனிமே நான் தோட்டத்தப் படம் எடுக்க மாட்டேன்."

*

இறக்கத்தில் ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டினாள். மழை வலுத்திருந்தது. துடைப்பான் போதவில்லை.

"சாயங்காலம் போனு நாலு கை மாறும். அதுல நம்ம தோட்டம் இருக்கக் கூடாது" என்றார் கொளஞ்சியப்பன். "கார்த்திகைலேர்ந்து எடுத்தத எல்லாம் அழிச்சிடு."

"ஒரு தடவ பாருங்க. பாக்காம அழிக்கச் சொல்லாதீங்க."

செல்போனைப் பின்பக்கம் நீட்டினாள். அவர் அதை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

போன ஆடி. மல்லிகை ஓய்கிற காலம். ஆனாலும் இலைக்கு இலை ஒரு வெள்ளைப் புள்ளி. கிணற்றுக் கல்தூண்மேல் காலை வெயில். ஆவணியில் அதே கல்தூண், அதைச் சுற்றிக் கோழிக்கொண்டை தலைதூக்கியிருந்தது. புரட்டாசியில் பவழமல்லி தரையெல்லாம் உதிர்ந்து, வெள்ளையும் காவியுமாக யாரோ கோலம் போட்டுவிட்டு எழுந்து போன மாதிரி. ஐப்பசிப் படத்தில் மழைத்துளி. சாமந்தி மொட்டுகள் இன்னும் கண் திறக்காமல்.

இத்தனை வருஷம் அவர் தினமும் கால் வைத்த தோட்டம். இவ்வளவு அழகாக இருந்ததா? களை பார்த்திருக்கிறார், பூச்சி பார்த்திருக்கிறார், கூடை நிறைந்ததா என்று பார்த்திருக்கிறார். தோட்டத்தைப் பார்த்ததில்லை.

அடுத்தது கார்த்திகை. கல்தூணின் பாதி மட்டும் வெளியே. மீதி, டீ நிறத்தில் தண்ணீர். மார்கழியில் சேறு, அதன்மேல் பாசி. தையில் இலைகள் மஞ்சளாகி, மாசியில் இலையே இல்லாமல். பங்குனியில் அரளி ஒற்றை ஆளாக ஒரே ஒரு பூவைப் பிடித்துக்கொண்டிருந்தது. சித்திரையில் அதுவும் இல்லை. பிறகு புழுதி, கல்தூண். கடைசியாக இன்று காலை: காய்ந்த குச்சிகளுக்கு இடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படத்தின் ஓரத்தில், தள்ளி நிற்கச் சொல்லியும் முழுக்கத் தள்ளாத ஒரு வெள்ளை வேட்டி.

போனைத் திருப்பிக் கொடுத்தார். "அழிச்சிடு."

அவள் விரல் நகர்ந்தது. ஒரு முறை அழுத்தினாள், மறுமுறை அழுத்தினாள். "ஆச்சு."

"நல்லா இருந்ததெல்லாம் வச்சிக்கோ. ஐப்பசி வரைக்கும் இருக்கட்டும்."

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன் மாமா."

அவர் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

"ஏம்மா?"

"பாதிய மட்டும் வச்சிக்கினா அதுவும் இன்னிக்கி எடுத்த படம் மாதிரிதான். ரெண்டு பொய்ய என்னால தாங்க முடியாது."

அவள் வண்டியை எடுத்தாள். பின் இருக்கையில் கொளஞ்சியப்பன் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். இருந்த ஒரே இடத்திலும் இப்போது அந்தத் தோட்டம் இல்லை. கேட்டு வாங்கியவர் அவரேதான்.

*

வேப்பமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. பூசாரி கோயில் படியில். பாவாடை கீழே தரையில், தோளில் பச்சைத் துண்டோடு. கொளஞ்சியப்பன் வந்ததும் எழுந்தவர்கள் எழுந்தார்கள். பாவாடை எழவில்லை.

"காட்டும்மா" என்றார் கொளஞ்சியப்பன்.

செல்போன் முதலில் பூசாரியிடம் போனது. அவர் பார்த்துவிட்டு, பார்த்தபடியே இருந்தார். பிறகு அது கை மாறிக்கொண்டே வந்தது. பேச்சு அடங்கியது.

"யம்மா... கோழிக்கொண்ட எவ்ளோ சேப்பு பாரு."

"தண்ணியில நின்ன செடின்னு சொன்னா எவன் நம்புவான்?"

ஒரு கிழவி செல்போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்லூரிக்குப் போகிற தனுஷா அவளிடமிருந்து வாங்கி விரலால் தள்ளினாள். தள்ளத் தள்ள மணப்பெண்களாக வந்தார்கள்.

"அக்கா, மத்த மாசத்துப் படம்லாம் எங்க?"

"இல்ல தனுஷா. அழிஞ்சிடுச்சு."

"அழிஞ்சிடுச்சா? இவ்ளோ அழக எப்பிடிக்கா அழிய வுட்ட?"

தேவிப்ரியா மாமனாரைப் பார்த்தாள். அவர் கோபுரத்தைப் பார்த்தார்.

செல்போன் கடைசியாகப் பாவாடையிடம் வந்தது. அவன் அதை முகத்துக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டான். ஏதாவது கேட்பான், கல்தூண் எங்கே என்பான், கிணறு எங்கே என்பான் என்று கொளஞ்சியப்பன் காத்திருந்தார். பாவாடை எழுந்து அவருக்கு நேராக நடந்து வந்தான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, என்ன செருப்பாலயே அடி."

கொளஞ்சியப்பன் அசையவில்லை.

"நூலப் பாத்ததும் கேட்டுட்டேன். மால ஆசையில கேக்கல. வெள்ளத்தப்ப உன் தோட்டத்துல தண்ணி நிக்குதுன்னு எனக்குத் தெரியும். நீ வந்து ஒரு வார்த்த கேப்ப, கரும்ப வெட்டி வழி வுட்டுடலாம்னு அருவாளோட வரப்புலயே குந்திக்கினு இருந்தேன். நீ வரல. வராதவனுக்கு நாம ஏன் போவணும்னு நானும் வரல." அவன் குரல் உடைந்தது. "அந்தத் தோட்டம் செத்திருந்தா பாவம் என்னோடதுண்ணே. இத்தினி மாசமா அது ஒன்னுதான் என்ன அறுத்துக்கினு இருந்துச்சு. நல்ல வேள. பொழச்சிடுச்சு. எங்கள காப்பாத்திட்ட."

அவன் கொளஞ்சியப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். பாகம் பிரித்த நாளுக்குப் பிறகு முதன்முதலாகப் பட்ட கை. அருவாள் பிடித்துக் காய்த்த கை. கார்த்திகையில் ஒரு நாள், நாலு வரிசைக் கரும்புக்கு அப்பால், இந்தக் கை காத்திருந்திருக்கிறது.

சொல்லிவிடலாம். இந்த நொடியில் சொல்லிவிட்டால் இவன் ஒருவன் புரிந்துகொள்வான் என்று கொளஞ்சியப்பனுக்குத் தோன்றியது. ஊரில் வேறு யார் புரிந்துகொள்ளாவிட்டாலும் இவன் புரிந்துகொள்வான். அவர் வாயைத் திறந்தார்.

பாவாடை அதற்குள் பிடித்த கையை விடாமலே ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தான்.

"இந்த வருஷம் அண்ணன் வூட்டுக்காரங்க மட்டும் பறிச்சுக் கூடையில கொண்டாரக் கூடாது. நம்ம பாட்டன் காலத்துல ஊரே மேளத்தோட போய்ப் பறிக்குமாம். ஞாயித்துக்கெழம விடியக்கால எல்லாரும் தாம்பாளத்தோட வாங்க. வெள்ளத்துக்கே சாவாத தோட்டம். அம்மா அங்கதான் குடியிருக்கா. அங்கயே பொங்க வைப்போம்!"

கிழவி குலவையிட்டாள். மற்ற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பூசாரி உள்ளேயிருந்து திருநீற்றுத் தட்டோடு இறங்கி வந்தார்.

"இன்னாண்ணே, சம்மதம்தானே? நீ ஒன்னும் செய்ய வேணாம். கதவத் தொறந்து வை, அது போதும்."

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் தேவிப்ரியா நின்றிருந்தாள். வேண்டாம் என்று தலையசைக்கவும் இல்லை, சொல்லுங்கள் என்று கெஞ்சவும் இல்லை. முழங்காலில் கரியாலூர்ச் செம்மண் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"வாங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

குலவை அடங்கிய இடைவெளியில், தென்னைகளுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் சொல்லிவிட்டுப் போனதைக் கண்ணகி தவறவிடவில்லை. பாவாடை அந்தப் பக்கம் காதைத் திருப்பி, முகம் மலர்ந்தான்.

"கேக்குதா? இந்நேரத்துக்கும் தண்ணி கட்டறாங்க. பின்ன எப்பிடி சாவும்?"

ஊர் முழுக்க அமைதியாக நின்று அதைக் கேட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொளஞ்சியப்பனின் இடுப்பில், அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த சாவி குத்தியது. அதை விலக்கிவிடக்கூட முடியாமல், அவர் கைகள் இரண்டும் இன்னும் பாவாடையின் பிடியில் இருந்தன.